ஒன்பது நிமிடத்தில் ஒரு நகரத்தைக் கடப்பது

ஒரு நகரத்தை ஒன்பது நிமிடத்தில் கடந்துவிடலாம் என்று நான் நெடுங்காலம் நம்பியிருந்தேன். அதைவிட மோசம், அப்படிக் கடந்து போகிறவனுக்காக மறுமுனையில் ஒரு ஆள் கட்டாயம் காத்திருக்கும் என்றும் நம்பியிருந்தேன். இரண்டுக்கும் காரணம் ஒரு பழைய குறும்படம்.

கனடாவுக்கு வந்த புதிதில் அண்ணையும் நானும் ஸ்காபரோவில் வெக்ஸ்போர்ட் பக்கம், ஒரு வீட்டின் நிலக்கீழ் பேஸ்மென்ற்றில் இருந்தோம். தொழிற்சாலையில் என்னோடு வேலை செய்த ஒருவன் கொடுத்த வீடியோ கசெற்றில் அந்தப் படம் இருந்தது. கதை கிடையாது, பேச்சுக் கிடையாது. ஐரோப்பாவில் ஒரு பெரிய நகரம், விடியற்காலை. காரின் முன்பக்கத்தில் கமராவைக் கட்டிக்கொண்டு ஒருவன் பறக்கிறான். சிவப்பு விளக்குகளை அவன் பொருட்படுத்துவதில்லை. புறாக்கள் சிதறி எழும்புகின்றன. கடைசியில் ஒரு மேட்டில் கார் நிற்கிறது. ஒரு பெண் படியேறி வருகிறாள். அவ்வளவுதான் படம்.

எத்தனை தரம் பார்த்திருப்போமோ தெரியாது. நான் சோபாவில் இருந்தபடியே கியர் மாற்றுவேன், வளைவுகளில் சரிவேன். அண்ணை கைமணிக்கூட்டைப் பார்த்து, "ஒன்பது நிமிசமும் ஆகேல்லையடா" என்பார். ஒருநாள் மட்டும், "உவன் ஆரையும் இடிச்சிருந்தால் இந்தப் படத்தை ஆர் பாக்கிறது?" என்றார்.

"அண்ணை, உங்களோடை படம் பாக்கிறதும் இன்சூரன்ஸ்காரனோடை படம் பாக்கிறதும் ஒண்டு" என்றேன் நான்.

அந்த என்ஜின் உறுமல் வேறொரு காருடையது, பிறகு ஒட்டினது என்று பல வருடம் கழித்து எங்கோ வாசித்தேன். அதற்குப் பிறகும் என் நம்பிக்கை அசையவில்லை.

இந்தக் கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை ஐந்தரைக்கு, ஸ்காபரோவுக்குக் கிழக்கே, அஜக்ஸில் என் வீட்டில் போன் அடித்தது. அண்ணி.

"தம்பி, ஒருக்கா ஆஸ்பத்திரிக்கு வாங்கோ. அவசரம் ஒண்டும் இல்லை. மெதுவா காரை ஓடி வாங்கோ."

சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

எங்கள் ஆட்கள் சாவைப் போனில் சொல்ல மாட்டார்கள். ஆள் போய்விட்டால், "கொஞ்சம் சீரியஸ்" என்போம். "பதறாதை, ஆறுதலா வா" என்போம். வருகிறவன் வழியில் எங்காவது மோதிச் செத்து, ஒரு செத்தவீடு இரண்டாகிவிடக் கூடாது என்கிற ஏற்பாடு அது. நானே என் வாயால் மூன்று பேருக்கு அப்படிச் சொல்லி வரவழைத்திருக்கிறேன். ஆகவே அண்ணி வைத்த அந்த நொடியில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அண்ணை போய்விட்டார்.

காலில் புண், சீனி வருத்தக்காரர், மூன்று நாளாக ஸ்காபரோவில் ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்று கேள்விப்பட்டிருந்தேன். போய்ப் பார்க்கவில்லை. ஐந்து மாதமாக எங்களுக்குள் கதை பேச்சு இல்லை.

காரணம் நான் சொன்ன ஒரு பகிடி. அண்ணையின் அறுபதாவது பிறந்தநாளுக்கு ஹோல் எடுத்து, இருநூறு பேரைக் கூப்பிட்டு, என்னிடம் மைக்கையும் கொடுத்தார்கள். மைக்கைக் கொடுத்தவர்களில்தான் முதல் பிழை. "எங்கடை அண்ணை 401 நெடுஞ்சாலையிலை ஏறினால், பின்னாலை வாற கனடாக்காரர் எல்லாம் இது செத்தவீட்டு ஊர்வலம் எண்டு நினைச்சு, லைற்றைப் போட்டுக்கொண்டு மரியாதையா வரிசையிலை வருவினம்" என்றேன். மண்டபம் குலுங்கியது. அண்ணையும் சிரித்தார். அண்ணி சிரிக்கவில்லை; அடுத்த நாளிலிருந்து அண்ணையும் என்னோடு கதைக்கவில்லை. வெகுகாலத்துக்கு முன், பனி கொட்டிய ஒரு நாள், அண்ணை வேகமாக ஓடின கார் சறுக்கி மோதி, அதில் இருந்த அண்ணிக்கு இடுப்பு உடைந்தது. அன்றைக்குப் பிறகுதான் அவர் மெதுவாக ஓடத் தொடங்கினவர். இது எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

மனைவி காலை வேலைக்குப் போய்விட்டாள். சேர்ட்டை உட்புறம் வெளியாகப் போட்டுக்கொண்டு, வாசலில் கிடந்த மகளின் ஊதாநிறச் செருப்புக்குள் பாதிக் காலைத் திணித்துக்கொண்டு காரை எடுத்தேன்.

செத்தவரிடம் போய்ச் சேர எதற்கு வேகம் என்று நீங்கள் கேட்கலாம். உயிர் போனாலும் கொஞ்ச நேரம் காது கேட்கும் என்று யாரோ சொல்லக் கேட்டிருந்தேன். அந்தக் கொஞ்ச நேரத்தைப் பிடிக்கத்தான் ஓடினேன். காதுக்குள் ஒரு வசனம் சொன்னால் போதும்.

401 வெறுமையாக இருந்தது. பின்கண்ணாடியில் சூரியன் எழும்பிக்கொண்டிருந்தது. ரூஜ் ஆற்றுப் பாலத்தில் நூற்றி நாற்பதைத் தொட்டேன். படத்துக் கார் உறுமியது. என் கார் முனகியது. முன்சீற்றில் முதல்நாள் வாங்கி இறக்காமல் விட்ட அரிசி மூட்டை இருந்தது. அதை ஆள் என்று எண்ணி, பெல்ற் போடு பெல்ற் போடு என்று கார் கத்திக்கொண்டே வந்தது. நான் அழுதுகொண்டே அரிசி மூட்டைக்குப் பெல்ற் போட்டுவிட்டேன். அதற்கிடையில் மனதுக்குள் மரண அறிவித்தல் வேறு எழுதிக்கொண்டிருந்தேன். 'அன்னாரின் பாசமிகு சகோதரர்' என்ற இடத்தில் வந்து நின்றேன். பாசமிகு என்று போட எனக்குத் தகுதி உண்டா என்ற கேள்வி வந்துவிட்டது.

நெடுஞ்சாலையை விட்டு இறங்கினதும் முதல் சிவப்பு விளக்கு. இரண்டு பக்கமும் ஒருவரும் இல்லை. கடந்தேன். இரண்டாவது சிவப்பையும் கடக்கத்தான் போனேன். வெள்ளைக் கோடுகளின் நடுவில் ஒரு பெண் நின்றார்.

பிரேக்கில் ஏறி நின்றேன் என்றுதான் சொல்ல வேண்டும். கார் அவருடைய கைப்பையைத் தொட்டுக்கொண்டு நின்றது. முதியோர் இல்லத்து வேலைக்குப் போகிற உடுப்பு, கையில் தேத்தண்ணிப் போத்தல். எங்கள் ஆள். பிறகு சுற்றி வந்து கண்ணாடியைத் தட்டினார். இறக்கினேன். என் சேர்ட்டைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார்.

"ஆஸ்பத்திரிக்கோ அண்ணை?"

"ஓம்."

"அப்ப என்னையும் ஏத்திக்கொண்டு போகப் பாத்தனீங்களோ?"

கியரைப் பார்க்கில் போட்டேன்.

"எனக்கு ரெண்டு பிள்ளையள் வீட்டிலை படுத்திருக்குதுகள்" என்றார். சத்தம் போடவில்லை. போத்தலை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு தெருவைக் கடந்து போனார். பச்சை விழுந்தது. மறுபடி சிவப்பு விழுந்தது. மூன்றாவது பச்சைக்குத்தான் காரை எடுத்தேன். மிச்சத் தூரத்தை நாற்பதில் ஓடினேன்.

ஆஸ்பத்திரியில் அறை வாசலில் அண்ணி நின்றார். அவரைக் கண்டதும் வாய்விட்டு அழுதேன்.

"என்ன தம்பி, ஏன் அழுறீங்கள்?"

உள்ளேயிருந்து குரல் வந்தது. "உவன் வந்திட்டானே? மெதுவா வரச் சொல்லியெல்லோ சொன்னனான்."

அண்ணை தலையணையில் சாய்ந்து இருந்தார். மெலிந்திருந்தார்.

"ஏன்ரா அழுறாய்?"

"நீங்கள் செத்துப்போனியள் எண்டு நினைச்சன்."

"ஆர் சொன்னது?"

"அண்ணி அவசரமில்லை எண்டவ."

"நான்தான் சொல்லச் சொன்னனான். அவசரம் எண்டால் நீ விசரன் மாதிரி ஓடி ஆரையேனும் சாக்காட்டிப்போடுவாய்."

வெள்ளைக் கோடுகளில் நின்ற பெண்ணைப் பற்றி நான் அவருக்குச் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

எட்டு மணிக்கு ஒப்பரேஷன். கிருமி மேலே ஏறிவிட்டது. திறந்து பார்த்துத்தான் எவ்வளவு வெட்டுவது என்று தீர்மானிப்பார்களாம். இதயமும் பலமில்லை, மயக்க மருந்திலிருந்து எழும்புவார் என்று உறுதி சொல்ல முடியாதாம். இரவு முழுக்க யோசித்துவிட்டு, விடிய, "உவனை ஒருக்கா வரச் சொல்லு" என்றிருக்கிறார்.

கட்டில் ஓரத்தில் இருந்தேன். "அண்ணை, அண்டைக்கு மைக்கிலை..." என்று தொடங்கினேன்.

"இப்ப மைக் இல்லாமல் சொல்லு பாப்பம்."

ஐந்து மாதமாகப் பாடமாக்கி வைத்திருந்த வசனம் ஒன்றும் வரவில்லை. "தெரிஞ்சுதான் சொன்னனான் அண்ணை. அண்ணிக்கு நடந்ததை நினைச்சுக்கொண்டுதான் சொன்னனான். சனம் சிரிக்கும் எண்டு தெரியும், அதாலை சொன்னனான்" என்றேன். அண்ணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அண்ணை மன்னித்துவிட்டேன் என்று சொல்லவில்லை. என் கால்களைப் பார்த்தார். "செருப்பு நல்லாயிருக்கு" என்றார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். தாதி வரும்வரை விடவில்லை.

எட்டு மணிக்குக் கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனார்கள். பதினொன்றரைக்கு டொக்டர் வெளியே வந்தார். அண்ணை பிழைத்துவிட்டார். வலது காலை, அவர் பிரேக் மிதிக்கிற காலை, முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.