சார்ஜர் டீச்சர்

இரண்டாம் வகுப்பு டீச்சருக்கு அந்தப் பெயரை வைத்தது நான்தான். நேரில் கூப்பிடுவது அக்கா என்று. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கோபப்படுவதற்கும் தெம்பு வேண்டுமே என்றார். நான் நான்காம் வகுப்பு எடுக்கிறேன். இரண்டு வகுப்புக்கும் நடுவில் வெறும் பலகைத் தடுப்புதான். அவர் பெருமூச்சு விட்டால்கூட எனக்குக் கேட்கும்.

எல்லாம் ஒரு மின்விசிறியால் வந்தது. ஆசிரியர் அறையில் சுற்றாமல் கிடந்ததை, பிளக்கைக் கழற்றி மாட்டி அக்கா ஓடவைத்துவிட்டார். அன்றிலிருந்து அவருக்கு மெஷின் விஷயம் அத்துப்படி என்று பள்ளி முழுக்கப் பேச்சு. அரசாங்கம் சின்னப் பிள்ளைகளுக்கென்று டேப்லெட்டுகளை அட்டைப்பெட்டிகளில் அனுப்பியபோது, தலைமையாசிரியர் யோசிக்கவே இல்லை. மொத்தப் பொறுப்பையும் அக்கா தலையில் கட்டிவிட்டு, கையை உதறிக்கொண்டு போய்விட்டார்.

அக்காவின் வகுப்பில் பிளக் இருப்பது ஒரே இடத்தில், அதுவும் பீரோவுக்குப் பின்னால். காலையில் மணி அடிக்கும் முன்பே வந்து, பீரோவை இடுப்பால் தள்ளி, ஒயருக்கு ஒயர் கோத்து எல்லா டேப்புக்கும் சார்ஜ் ஏற்றுவார். பிள்ளைகள் ஒயர்களைத் தாண்டிக் குதித்துத்தான் இடத்துக்குப் போகவேண்டும். இடுப்பு வலிக்கு அக்கா பூசும் தைலம் என் வகுப்புவரை மணக்கும். அச்சகத்தில் வேலை பார்க்கும் அவர் வீட்டுக்காரர் ஒருநாள் கூப்பிட வந்து வாசலிலேயே காத்து நின்றார். "என்னைக் கட்டினதுக்குப் பதிலா இந்த டப்பாவையே கட்டியிருக்கலாம். இதுக்காவது நேரத்துக்கு சார்ஜ் ஏத்துறா" என்றார் என்னிடம். அக்காவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

சார்ஜோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. ஒவ்வொரு பிள்ளையும் தினமும் டேப்பில் ஒரு பாடத்தை முடிக்கவேண்டும். முடித்தால் மேலதிகாரியின் அலுவலகத் திரையில் அந்தப் பிள்ளையின் பெயருக்கு நேரே பச்சை விளக்கு, முடிக்காவிட்டால் சிவப்பு. சிவப்பு கூடினால் போன் வரும். அந்த அதிகாரிக்கு இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளைப் பற்றி என்ன தெரியும்? திரையில் கரடி வந்தால் அதற்குக் கிச்சுகிச்சு மூட்டுவார்கள். யார் கரடி பெரியது என்று சண்டை வரும். ஒருத்தனுக்கு ஒன்றுக்கு வரும், உடனே எல்லோருக்கும் வரும். நடுவில் நெட் வேறு சுற்றிக்கொண்டே நிற்கும். பாடம் எங்கே முடிவது?

போன் வந்து வந்து அலுத்துப்போய், அக்கா ஒரு வழி கண்டுபிடித்தார். பிள்ளைகள் வீட்டுக்குப் போனபிறகு, அவர்களுடைய சின்ன பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து, ஒவ்வொரு டேப்பாக எடுத்துத் தானே பதில் போட்டு முடிப்பார். டேப் எழுத்தைக் காட்டும், அக்கா தொடுவார். "சபாஷ் செல்லமே!" என்று அது கொஞ்சும். வகுப்பு முழுக்கச் செல்லமே செல்லமே என்று கேட்க, அக்கா தூக்கக் கலக்கத்தில் அடுத்ததை எடுப்பார்.

"எல்லாத்துக்கும் சரியாப் போட்டா எப்படிக்கா? நடுவுல நாலு தப்பும் போடுங்க, பாக்குறவங்களுக்கு சந்தேகம் வராது" என்றேன்.

"போட்டுப் பாத்தேன்டி. விரல் போகமாட்டேங்குது. இத்தனை வருஷமா தப்பைப் பாத்தா திருத்தியே பழகிடுச்சு. தெரிஞ்சே தப்பு போட என்னால முடியல" என்றார்.

எனக்கும் அது முடியாது என்றுதான் நினைக்கிறேன்.

அக்காவின் வகுப்பில் ஒரு பெண் உண்டு. நாங்கள் வைத்த பெயர் முணுமுணு. மற்றவர்கள் வாசிப்பதைக் காதில் வாங்கி, புத்தகத்தைப் பார்த்தபடி அப்படியே முணுமுணுப்பாள். பார்த்தால் வாசிப்பதுபோலவே இருக்கும். புத்தகத்தைத் தலைகீழாகக் கொடுத்தாலும் அதே வேகம்தான். இப்படிப்பட்ட பிள்ளைகளுக்காக ஒரு ஆள் வேண்டும் என்று அக்கா வருஷக்கணக்காக எழுதிப்போட்டு, கடைசியில்தான் ஒரு வாசிப்பு டீச்சரை அனுப்பினார்கள். வாரத்தில் சில நாள் வந்து, வராந்தாக் கோடியில் முணுமுணுவைப் பக்கத்தில் உட்காரவைத்து, அட்டையில் வெட்டிய எழுத்துகளைத் தடவித் தடவிச் சொல்லவைப்பாள் அந்தச் சின்ன வயசு டீச்சர். ஒருநாள் முணுமுணு ஓடிவந்து, சுவரில் இருந்த 'படம்' என்ற சொல்லை விரல் வைத்து, எழுத்துக் கூட்டி, முணுமுணுக்காமல் சொன்னாள். அன்று சாயங்காலம் அக்காவுக்கு இடுப்பு வலியே இல்லை.

அடுத்த மாதம் அதிகாரி போன் செய்தார். குரலில் தேன் ஒழுகியது.

"டீச்சர், உங்க வகுப்பு பூரா பச்சை, அத்தனை பதிலும் சரி! வாசிப்புல உங்களை அடிச்சுக்க ஆளே இல்ல. அதான் அந்த வாசிப்பு டீச்சரைத் தேவைப்படுற ஸ்கூலுக்கு மாத்திட்டோம். உங்களுக்குத்தான் இனிமே அவசியமில்லையே."

அக்காவின் முகம் பேயறைந்ததுபோல் ஆனது. ஸ்பீக்கரில் இருந்ததால் எனக்கும் எல்லாம் கேட்டது.

"சார், அதெல்லாம் பிள்ளைங்க போட்டதில்ல சார். நான் போட்டது."

அதிகாரியின் குரலில் தேன் வற்றிவிட்டது. "இதை நீங்க சொல்லவும் இல்ல, நான் கேக்கவும் இல்ல. ரிப்போர்ட் மேல போயாச்சு. உங்க வகுப்போட பச்சை முதல்ல குறையட்டும், அப்புறம் அந்த டீச்சரைப் பத்திப் பாக்கலாம்" என்றார். போனை வைத்துவிட்டார். எனக்கு அவரைக் கன்னாபின்னாவென்று திட்டவேண்டும்போல் இருந்தது. திட்டவும் செய்தேன், போன் வைக்கப்பட்ட பிறகு.

அடுத்த முறை வாசிப்பு டீச்சர் வரவேண்டிய நாளில் முணுமுணு வராந்தாக் கோடியில் போய்த் தனியாக உட்கார்ந்திருந்தாள். யாரும் கூப்பிடவில்லை. சாயங்காலம் மற்றவர்கள் போனபிறகும் அவள் போகவில்லை. தன் டேப்பை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு அக்காவிடம் வந்தாள். நான் பையைத் தோளில் மாட்டியபடி வாசலில் நின்றேன்.

"டீச்சர், இதுல பெரிய நட்சத்திரம் வந்திருக்கு. கீழ என்ன எழுதியிருக்கு?"

அக்கா பார்த்தார்.

"நீ ரொம்ப நல்லா வாசிக்கிறேன்னு எழுதியிருக்கு."

முணுமுணு திரையைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள்.

"எனக்கு அதையே வாசிக்கத் தெரியலியே டீச்சர்."

அக்கா பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டார். அவளை உட்காரவைத்து, அன்றைய பாடத்தைத் திறந்தார். நான்கு எழுத்துகள் வந்து நின்றன. முணுமுணு விரலை நீட்டிக்கொண்டு அக்காவின் முகத்தையே பார்த்தாள்.

"என்னைப் பாக்காதே. நீயே போடு."

"தப்பாப் போயிட்டா?"

"போகட்டும்மா. தப்பாவே போடு."

அவள் தொட்டாள். தப்பு. அக்காவின் விரல் சரியான எழுத்தை நோக்கித் தானாகக் கிளம்பியது. அவர் அந்தக் கையை இழுத்து மடியில் வைத்து, இன்னொரு கையால் பிடித்துக்கொண்டார். மற்ற டேப்கள் பீரோவுக்குள் அப்படியே கிடந்தன. நாளைக்கு அத்தனையும் சிவப்பாகத்தான் காட்டும்.

நான் பையை இறக்கி வைத்துவிட்டு, பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்தேன்.