உப்புக் கூடிய வாளி

சாப்பாட்டுக் கடை ஜபார் கேனைத் திருப்பி அனுப்பிய நாளிலிருந்து ஸுல்பிகாவுக்கு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை.

எருக்கலம்பிட்டியிலிருந்து தொண்ணூறில் ஊரோடு விரட்டப்பட்டு வள்ளமேறி வந்தபோது அவளுக்கு ஒன்பது வயது. இருபத்துநாலு வருடமாகப் பாலாவியில்தான் வாழ்க்கை. கோப்பை கழுவும் லிக்குயிட்டை வீட்டுக் கொல்லையில் காய்ச்சாமல் கலந்து, சந்தியிலிருந்த கடைகளுக்குக் கொடுத்து வந்தாள். கொழும்பிலிருந்து வரும் நுரைப்பசையைக் கிணற்றுத் தண்ணீரில் கரைத்துக் கடைசியில் உப்புப் போடுவாள். உப்பு விழுந்ததும் அது தேன்போலத் தடிக்கும். இந்த முறை தண்ணீராகவே ஓடியது.

"தண்ணியக் கலக்கிற வேலையெல்லாம் எங்கிட்ட வேணாம், தங்கச்சி," என்று ஆட்களுக்கு முன்னால் சொல்லிவிட்டார் ஜபார்.

கள்ளி என்று சொன்னதுபோலத்தான் அவளுக்குப் பட்டது. உப்புப் போதவில்லையோ என்று இன்னும் இரண்டு பிடி அள்ளிப் போட்டாள். கலங்கி, முன்னிலும் மோசமாக இளகியது. சோறு இறங்கவில்லை. வாளிக்கும் கிணற்றுக்குமாக நடந்தாள். நடந்தபடியே ஒரு கை தண்ணீரை வாயில் விட்டவள் துப்பினாள். மழை பொய்த்த வருடம், கிணறு கரித்தது.

ஜேம் போத்தல்கள் பத்தைத் தேடி எடுத்தாள். ஐந்தில் கிணற்றுத் தண்ணீர், ஐந்தில் கடையில் வாங்கிய நல்ல தண்ணீர். எல்லாவற்றிலும் ஒரே அளவு பசை. உப்பு மட்டும் படிப்படியாகக் கூட்டினாள். நல்ல தண்ணீரில் முதற்போத்தல் இளகி, நடுவிலுள்ளது தடித்து, கடைசி மறுபடி இளகியது. கிணற்றுத் தண்ணீரிலோ உப்பே போடாத போத்தல்தான் தடித்திருந்தது. மற்ற நாலும் தண்ணீர்.

தப்பு எங்கே என்று தெரிந்துவிட்டது: கிணற்றிலேயே உப்பு இருந்தது. ஏன் என்று தெரியாமல் விடவும் மனமில்லை. போத்தல்களைப் பையில் போட்டுக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கும் கூட்டாளி கமீலாவின் வீட்டுக்குச் சைக்கிளை மிதித்தாள்.

"கொஞ்சம் இரு புள்ள, மூச்சு விடு," என்றாள் கமீலா.

"நீ முதல்ல சொல்லு."

கமீலா போத்தலை வெளிச்சத்தில் பிடித்தாள். "இந்தப் பசைட மூலக்கூறுக்குத் தலை ஒண்டு, வால் ஒண்டு. வாலுக்குத் தண்ணி ஆகாது. அதனால வாலெல்லாம் உள்ளுக்கு ஒளிச்சு, தலையெல்லாம் வெளிய நிண்டு, உருண்டையாக் கூடும். தலைகள்ல மின்னேற்றம் இருக்கு, ஒண்டையொண்டு தள்ளும். உப்புப் போட்டா அந்தத் தள்ளல் அடங்கும். தலைகள் நெருங்கி நிக்க, உருண்டை புழு மாதிரி நீளும். நீண்டதுகள் சிக்குப் பட்டாத்தான் தடிப்பு."

"உப்புக் கூடினா?"

"அந்தப் புழுவெல்லாம் கிளை விட்டு ஒண்டோடொண்டு ஒட்டிக்கொள்ளும். பிறகு ஒட்டின இடம் நழுவ நழுவச் சிக்கு வழுக்கிப் போகும். தண்ணியாத்தான் ஓடும்."

"அப்ப நான் தண்ணி கலக்கல்ல."

"ஆரு சொன்ன கலந்தெண்டு?"

தேத்தண்ணி ஊற்றப் போன கமீலா திரும்பி வந்தபோது கதிரையில் ஆளில்லை.

பகல் கூட்டம் நிறைந்திருந்த நேரம் ஸுல்பிகா ஜபாரின் கடைக்குள் நுழைந்தாள். உப்பில்லாமல் கலந்து தடித்த லிக்குயிட்டைக் கண்ணாடிக் கோப்பையொன்றில் ஊற்றி அவர் மேசையில் வைத்தாள்.

"சாய்ச்சுப் பாருங்க நானா."

அவர் சாய்க்க, அது மெல்லக் கோடாக இறங்கியது. அவருடைய மேசையிலிருந்த உப்பையே எடுத்து உள்ளே கொட்டிக் கலக்கினாள். கொஞ்ச நேரத்தில் கோப்பைக்குள் தண்ணீர்தான் அலம்பியது.

"ஒரு சொட்டுத் தண்ணி ஊத்தினனா? பாத்துட்டுத்தானே இருந்தீங்க?"

ஜபார் கோப்பையை இரண்டு தரம் சாய்த்துப் பார்த்தார். சமையற்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். பிறகு, அன்று கேட்டுக்கொண்டிருந்த ஆட்களில் மூவர் சாப்பிட்டுக்கொண்டிருந்த பக்கம் திரும்பிச் சத்தமாகவே சொன்னார்: "இந்தப் புள்ள தண்ணி கலக்கல்ல. நான்தான் பிழையாக் கதைச்சிட்டன்."

ஸுல்பிகா அவர் கையிலிருந்த கோப்பையை வாங்கினாள். "ஓம்," என்று மட்டும் சொன்னாள்.

ஐப்பசி மழையில் கிணற்றின் கரிப்புக் குறைந்தது. பழையபடி உப்புத் தேவைப்பட்டது. எவ்வளவு என்று கிழமைக்குக் கிழமை வேறுபட்டது. இப்போதெல்லாம் விடியற்காலையில் சுபஹு தொழுத கையோடு கிணற்றடிக்குப் போய், பெரிய வாளியைத் தொடுமுன் சின்னப் போத்தலில் கலந்து பார்க்கிறாள்.