அந்துவான் சார் எழுதிக் கொடுத்த பாரீஸ்

தவளக்குப்பம் சந்திப்பில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். உறவுக்காரர் வீட்டுப் புதுமனை விழாவில் சாப்பிட்டுவிட்டு, தாம்பூலப் பையும் கையுமாகத் திரும்புகிற நேரம். கிறிஸ்துமஸுக்கு நான்கு நாள் இருந்தது. புதுச்சேரி சாரத்தில் அந்துவான் சார் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் தண்டபாணி போனில் கூப்பிட்டார். "டீச்சர், நம்ம சார் போயிட்டாரு. காலைல பேப்பர் எடுக்க வரலயேன்னு கதவத் தட்டிப் பாத்தேன். தூக்கத்துலயே போயிருக்காரு" என்றார்.

பஸ் வந்தது. நான் ஏறவில்லை. எனக்கு முதலில் அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. இன்னும் மூன்று வாரம் பொறுத்திருக்கக் கூடாதா இந்த மனுஷர்? பொங்கலுக்கு அவருடைய தங்கை செலின் பாரீஸிலிருந்து வருவதாக இருந்தது. பன்னிரண்டு வருஷம் பேசாமல் இருந்த அண்ணனும் தங்கையும் முகம் பார்த்துப் பேசுவதாக இருந்தது. அது நடக்க வேண்டும் என்று நான் வேண்டாத சாமி இல்லை. ஏன் அப்படி வேண்டிக்கொண்டேன் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நம் உப்பளத்துப் பள்ளியில் அவரோடு வேலை பார்த்தவர்களுக்கும், அவர் கையால் மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு போனவர்களுக்கும் அவரை நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. முப்பது வருஷம் அலுவலக எழுத்தராக இருந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இடது தோளைச் சற்றுத் தூக்கியபடி நடப்பார். ஒரே ஒருமுறை, பத்தொன்பது நாள், பாரீஸுக்குப் போய்த் தங்கை வீட்டில் தங்கிவிட்டு வந்தவர். அதற்கே ஆசிரியர் அறையில் அவருக்குப் 'பாரீஸ் மேயர்' என்று பட்டம் கட்டிவிட்டோம். அவரும் கோபித்துக்கொள்ளாமல், "மேயருக்கு ஒரு டீ சொல்லுங்க" என்று உட்கார்ந்துகொள்வார்.

நம் ஊரில் தெருவுக்கு நாலு வீட்டில் யாராவது ஒருவர் பிரான்சில் இருக்கிறார். மகனைப் பார்க்க, மருமகளுக்குப் பிரசவம் பார்க்க என்று யாராவது கிளம்பிக்கொண்டே இருப்பார்கள். விசா வந்த சேதி எப்படியோ அவர் காதுக்குப் போய்விடும். மறுநாள் முழுநீளத் தாள் ஒன்றில், கோடு போட்டு, எண் போட்டு, அழகான கையெழுத்தில் யோசனைகளை எழுதிக் கொண்டுவந்து நீட்டுவார். கணக்கு வாத்தியார் ஒருமுறை, "என் தம்பி அங்க முப்பது வருஷமா இருக்கான் சார். உங்க பேப்பர் எதுக்கு?" என்று கேட்டேவிட்டார். அந்துவான் சார் அசரவில்லை. "முப்பது வருஷம் இருக்கறவரு வேலைக்குப் போவாரு, வீட்டுக்கு வருவாரு. பத்தொன்பது நாள் இருந்தவனுக்குத்தான் ஊரு கண்ணுல படும்" என்றார். கணக்கு வாத்தியார் தாளை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார்.

அந்தத் தாளை நான் மனப்பாடமாகச் சொல்வேன். கோபுரத்தைத் தேடிக்கொண்டு ஓடாதீர்கள், அது எங்கே போனாலும் தானாகக் கண்ணில் படும். பழைய ரயில் பெட்டிகளில் கதவு தானாகத் திறக்காது, கொக்கியைத் தூக்க வேண்டும், தெரியாமல் நின்றால் நான்கு ஸ்டேஷன் தள்ளித்தான் இறங்குவீர்கள். மாதா கோயிலில் கடைசி பெஞ்சில் உட்காருங்கள், முன்னால் இருப்பவர்கள் எல்லாரும் போட்டோ எடுப்பவர்கள். நம்மவர்கள் கடை வைத்திருக்கும் தெருவில் இட்லி சாப்பிடாதீர்கள், அதற்கு டிக்கெட் எடுத்திருக்க வேண்டாம். நீள ரொட்டி வாங்கினால் வீடு வரைக்கும் காத்திருக்காமல் நுனியைப் பிய்த்துத் தின்றுகொண்டே நடங்கள், அங்கே யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

கடைசி யோசனை மட்டும் வேறு மாதிரி இருக்கும். "பெரிய மணிக்கூண்டு தெரியும் பாலத்தருகே கடலைப் பார்த்து நில்லுங்கள். இடது கைப் பக்கம் நடந்து, மூன்றாவது தெருவில் உள்ளே போனால் ஒரு ரொட்டிக் கடை. அதற்கு எதிரே சின்னப் பூங்கா, பச்சை பெஞ்சு. மாலை நாலிலிருந்து ஐந்து வரை அதில் உட்காருங்கள். சும்மா உட்கார்ந்தால் போதும்." பாரீஸில் கடல் இல்லை என்று உங்களுக்கும் எனக்கும் தெரியும். அவர் சொல்வது ஆற்றை. நமக்குக் கடல் எந்தப் பக்கம் என்று தெரியாமல் ஒரு தெருவில்கூட நடக்க வராது. வீட்டுக்கு வழி சொன்னாலும், பீரோவை நகர்த்தச் சொன்னாலும், 'கடல் பக்கமா' என்றுதான் சொல்வோம். அவரும் போன இடத்தில் ஆற்றைக் கடலாக வைத்துக்கொண்டார். படித்த நாமும் ஒரு கேள்வி கேட்காமல் புரிந்துகொண்டோம். தெருப் பெயரை எழுதுங்களேன் என்று நான் கேட்டதற்கு, "பேரத் தெரிஞ்சிக்கிட்டா போன்ல போட்டுப் போயிடுவீங்க டீச்சர். நடந்து கண்டுபிடிங்க" என்று சிரித்தார்.

போய்விட்டு வந்தவர்களிடம் அவர் கோபுரத்தைப் பற்றிக் கேட்டதே இல்லை. பெஞ்சைப் பற்றித்தான் கேட்பார். "உக்காந்தீங்களா? யாராச்சும் வந்து பேசுனாங்களா?" அதைக் கேட்கும்போது குரல் கொஞ்சம் இறங்கும். நாங்கள் அதையும் கிண்டல் செய்தோம்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் என் மகள் அங்கே குடித்தனம் வைத்தபோது நான் முதல்முறை போனேன். தாளை எடுத்துக்கொண்டு இரண்டு சாயங்காலம் அலைந்தேன். மூன்றாவது தெருவில் ரொட்டிக் கடை இல்லை, ஒரு வங்கி இருந்தது. பூங்கா இல்லை. கால் வலித்தது, குளிர் வேறு. விட்டுவிட்டேன். ஊருக்கு வந்ததும் அலுவலக வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "உக்காந்தீங்களா டீச்சர்?" அந்த முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "உக்காந்தேன் சார். ரொம்ப நல்லா இருந்துச்சு" என்றேன். "யாராச்சும் பேசுனாங்களா?" "இல்ல சார்." அவர் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனார். அன்று மத்தியானம் சாப்பிடவில்லை என்று பியூன் சொன்னார். வயிறு சரியில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

போன ஆவணியில், மகளுக்கு இரண்டாவது குழந்தை பிறந்த சமயம், மறுபடி போனேன். ஓய்வு பெற்றவளுக்கு நேரத்துக்கு என்ன குறை. ஒரு நாள் பாலத்தின் மேல் நடுவில் நின்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. நம் கடலுக்கு ஒரு கரைதான். ஆற்றுக்கு இரண்டு. எந்தக் கரையில் நிற்க வேண்டும் என்று அவர் எழுதவே இல்லை. மணிக்கூண்டு இருக்கும் கரையில்தான் நான் நின்றேன். எல்லாரும் அங்கேதான் நின்றிருப்போம். மணிக்கூண்டு 'தெரியும்' என்றுதானே எழுதினார்? அது தெரிவது எதிர்க்கரையிலிருந்து. பாலத்தைக் கடந்து அந்தப் பக்கம் போய், ஆற்றைப் பார்த்து நின்று, இடது கைப் பக்கம் நடந்தேன். மூன்றாவது தெரு. ரொட்டிக் கடை. பச்சை பெஞ்சு. நம் ஊர் நெல்லித்தோப்புக்கு வழி சொன்னதுபோல அவ்வளவு சரியாக இருந்தது.

நாலரைக்கு எதிர்க் கட்டடத்திலிருந்து ஒரு அம்மாள் கைத்தடியோடு இறங்கி வந்தார். ரொட்டி வாங்கி, நுனியைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டே தெருவைத் தாண்டினார். இடது தோள் தூக்கியிருந்தது. என் பக்கத்தில் உட்கார்ந்து "பொன்ழூர்" என்று பிரெஞ்சில் வணக்கம் சொன்னார். என் புடவையைப் பார்த்துவிட்டு, "தமிழா? எந்த ஊரு?" என்றார்.

"புதுச்சேரிங்க. உப்பளம்."

"நாங்க சாரம்" என்று சொல்லிவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டார். மழை பெய்தால் இன்னும் தண்ணீர் நிற்கிறதா, பெரிய மார்க்கெட்டில் மீன் என்ன விலை என்றெல்லாம் கேட்டார். நான் பொறுக்க முடியாமல், "எங்க ஸ்கூல்ல அந்துவான்னு ஒரு சார். அவருதான் இந்த பெஞ்சுல உக்காரச் சொன்னாரு. பாரீஸுக்கு வர்ற எல்லார்கிட்டயும் பதினோரு வருஷமா சொல்றாருங்க" என்றேன்.

அந்த அம்மாள் ரொட்டியை மடியில் வைத்தார். "யாரும் வரலயே" என்றார். "அண்ணன் வந்தப்ப நாங்க ரெண்டு பேரும் தெனம் இங்கதான் உக்காந்தோம். அதனால நான் தெனம் வரேன். யாரும் வரலயே."

அங்கேயே வைத்து எனக்கு எல்லாம் சொன்னார். அவர்களுடைய அம்மா இறந்தபோது செலினால் வர முடியவில்லை. அப்போதுதான் வயிற்றில் பெரிய ஆபரேஷன் ஆகியிருந்தது. அண்ணன் பயந்துவிடுவார் என்று அதை மறைத்து, லீவு கிடைக்கவில்லை என்று சொல்லியிருக்கிறார். "இனிமே உனக்கு இங்க யாரும் இல்ல" என்று சொல்லி அண்ணன் போனை வைத்துவிட்டார். நான்கு முறை கூப்பிட்டும் அவர் எடுக்கவில்லை. ஐந்தாம் முறை செலின் கூப்பிடவில்லை. சொல்லி முடித்துவிட்டு, "பொங்கலுக்கு நானே வரேன்னு சொல்லுங்க" என்றார்.

ஊருக்கு வந்த அன்றே சாரத்துக்குப் போனேன். அந்துவான் சார் கட்டிலில் உட்கார்ந்து கேட்டார். தங்கைக்கு ஆபரேஷன் நடந்தது ஒரு வருஷம் கழித்து வேறு யார் மூலமோ அவருக்குத் தெரிந்துவிட்டதாம். போன் செய்ய முகமில்லை. "ஊர்க்காரங்களப் பாத்தா அவளால சும்மா இருக்க முடியாது டீச்சர். வந்து பேசிடுவா. பேசுனா கோவம் போச்சுன்னு அர்த்தம்னு இருந்தேன். எல்லாரும் உக்காந்தேன்னாங்க, யாரும் பேசலன்னாங்க. அப்ப இன்னும் கோவம்தான்னு நெனச்சிக்கிட்டேன்" என்றார். நான் இரண்டு கரைகளைப் பற்றிச் சொன்னேன். பிறகு, எட்டு வருஷத்துக்கு முன்னால் நான் அந்தப் பெஞ்சில் உட்காரவில்லை என்பதையும் சொன்னேன். அவர் நெற்றியில் அடித்துக்கொண்டு சிரித்தார். சிரிப்பு எப்போது அழுகையானது என்று எனக்குத் தெரியவில்லை. "விடுங்க டீச்சர். என் மனசு நோகக் கூடாதுன்னு சொன்னீங்க" என்றார்.

போனைப் போட்டுத் தருகிறேன், பேசுங்கள் என்று எவ்வளவோ கெஞ்சினேன். மாட்டேன் என்றுவிட்டார். "போன்லதான் சொல்லக் கூடாதத சொன்னேன். மன்னிப்ப நேர்ல கேக்கறேன்." பிடிவாதம். அப்போது அது எனக்கு அழகாகக்கூட இருந்தது. இப்போது நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

அவர் போன சேதியை நான்தான் செலினுக்குச் சொன்னேன். பண்டிகை நேரத்தில் டிக்கெட் கிடைத்து அவர் வந்து சேர மூன்றாம் நாள் ஆனது. ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கண்ணாடி மேல் கை வைத்தபடி, "அண்ணே, வந்துட்டேன்" என்று ஒரே ஒரு முறை சொன்னார்.

அடக்கம் முடிந்த மறுநாள், மேசை மேல் இருந்தது என்று தண்டபாணி ஒரு தாளைக் கொண்டுவந்து கொடுத்தார். கோடு போட்டு, எண் போட்டு, அதே கையெழுத்து. இருபது வருஷமாக ஊர்ப்பக்கம் வராத தங்கைக்குப் புதுச்சேரியைச் சுற்றிப் பார்க்க எழுதியிருந்தார். நானும் செலினும் அதில் சொன்னபடியே இரண்டு நாள் நடந்தோம். "முதல்ல வீட்டுக்கு வராத, வந்தா அழுவ. கடற்கரைக்குப் போ, ஆனா ஞாயித்துக்கிழம போவாத, வெளியூர்க் கூட்டத்துல நம்ம ஆளுங்களுக்கு அன்னைக்கு இடம் கெடைக்காது" என்று இருந்தது. "நீ படிச்ச ஸ்கூலுக்கு வேற பெயிண்ட் அடிச்சிட்டாங்க. உள்ள போவாத, சுவரத் தொட்டுட்டு வா" என்று இருந்தது. செலின் தொட்டார். "அம்மாகிட்ட போறப்ப பூ வாங்காத, நான் வாங்கி வெச்சிருப்பேன்" என்ற இடத்தில் மட்டும் நாங்கள் பூ வாங்க வேண்டியிருந்தது. கடைசி வரி இது: "அப்புறம் வீட்டுக்கு வா. நான் வெளிய எங்கயும் போவ மாட்டேன்."

பூட்டைத் திறந்து உள்ளே போனோம். செலின் அந்தக் கட்டிலில் உட்கார்ந்தார். அண்ணனிடம் சொன்னதைத் தங்கையிடமும் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. முதல்முறை பாரீஸ் வந்தபோதே நான் வழியைத் தேடி விட்டுவிட்டதையும், ஊருக்கு வந்து பொய் சொன்னதையும் சொன்னேன். எப்போது என்று கேட்டார். எட்டு வருஷம் ஆகிறது என்றேன். "அப்ப எனக்கு முழங்கால் நல்லா இருந்துச்சு" என்றார். "அண்ணன் தேடுதுன்னு தெரிஞ்சிருந்தா மறு பிளைட்டுலயே வந்திருப்பேன்." என் மேல் அவருக்குக் கோபம் இல்லை. அவர் என்னைப் பார்த்துக்கூடச் சொல்லவில்லை.

இதை வாசிக்கும் உங்களிலும் சிலர் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்ததாக அவரிடம் சொல்லியிருக்கிறீர்கள். எனக்குத் தெரியும். உங்களைக் குறை சொல்ல வரவில்லை, நானும் உங்களில் ஒருத்திதான். நல்ல மனசோடுதான் சொன்னோம். அவர் என்னை மன்னித்துவிட்டார், அவர் தங்கையும் மன்னித்துவிட்டார். அதனால் எனக்குப் பாரம் குறையவில்லை.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது ஒரே ஒரு பழக்கம். இப்போதெல்லாம் யார் எந்த இடத்தைச் சொல்லி, போனீங்களா என்று கேட்டாலும், போகாத இடத்துக்குப் போகவில்லை என்று சொல்லிவிடுகிறேன். கேட்டவர் முகம் வாடினாலும் சொல்லிவிடுகிறேன். "எனக்கு வழி தெரியல சார்." நாலே வார்த்தை. அன்று அலுவலக வாசலில் அதைச் சொல்லியிருந்தால், அவர் ஒரு தாளை எடுத்து, எந்தக் கரை என்று எழுதிக் கொடுத்திருப்பார்.