திரைக்கு அந்தப் பக்கம் கேட்ட மூச்சு

சங்கரன்கோவிலில் ஒரு பெண்கள் மதரஸாவில் தஜ்வீத், அதாவது குர்ஆனை முறையாக ஓதும் பாடம் நடத்துகிறேன். வகுப்பின் நடுவில் திரை தொங்கும். இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் மாணவிகள். குரலை வைத்துத்தான் ஆளைத் தெரியும். கூச்ச சுபாவக்காரனான எனக்கு அது வசதியாகவே இருந்தது, ரஹீமாவின் விஷயம் வரும்வரை.

ரஹீமா கடைசி வருட மாணவி. எவ்வளவு நீளமான ஆயத்தாக, வசனமாக இருந்தாலும் ஒரே மூச்சில் முடிப்பாள். பட்டமளிப்பு விழாவில் ஓத அவளைத்தான் தேர்ந்தெடுத்திருந்தோம். விழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஆயத்தின் பாதியில் நிற்க ஆரம்பித்தாள். நீட்டி ஓத வேண்டிய இடங்களை நாங்கள் விரல் மடக்கி அளப்போம். நான்கு விரல் மடக்க வேண்டிய இடத்தில் இரண்டாவது விரலிலேயே குரல் அறுந்தது. பாடம் மறந்தவர்கள் நின்றால் அடுத்த சொல்லைத் தேடுவார்கள். இவள் காற்றைத் தேடினாள்.

"உடம்புக்கு என்னம்மா?"

"ஒண்ணுமில்ல ஹஜ்ரத். லேசா சளி."

முதல்வர் ஆலிமாவிடம் போய்ச் சொன்னேன்.

"ஹாஸ்டல்ல ராத்திரியெல்லாம் இருமுதா ஹஜ்ரத். அவ அத்தாட்ட சொல்லிட்டேன். விழா முடியட்டும்ங்காரு. நீங்க ஒரு வார்த்தை பேசிப் பாருங்களேன்."

ரஹீமாவின் தகப்பனார் புளியங்குடியில் எலுமிச்சை வியாபாரி. நான் வரச் சொன்னதால் மறுநாள் வகுப்பு நேரத்தில் வந்தார். நான் சொல்லி முடிக்கும் முன்பே குரலைத் தணித்துக்கொண்டு பேசினார்.

"விழாவுக்கு மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வாராங்க ஹஜ்ரத். பிள்ளை ஓதுததக் கேட்டுட்டு அன்னைக்கே பேசி முடிக்கதா இருக்கு. இப்பம் போயி ஆஸ்பத்திரி, எக்ஸ்ரேன்னு அலைஞ்சா, நெஞ்சு நோவுக்காரின்னு பேராயிரும்."

"அதுக்கு முந்தி ஒரு தடவை காட்டிருங்க."

"நீங்க ஓதிக்குடுக்க வந்தீங்களா, வைத்தியம் பாக்க வந்தீங்களா?"

பேச்சு இப்படித் திரும்பினால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். அன்று எழுந்திருக்கவில்லை.

"அப்பம் நீங்களே கேளுங்க. இங்கன உக்காருங்க. காத மட்டும் குடுங்க. நான் விரல மடக்கும்போது நீங்களும் மடக்குங்க."

முறைத்துக்கொண்டே உட்கார்ந்தார். திரைப்பக்கம் திரும்பி, "விழாவுக்கு உள்ளத ஓதும்மா" என்றேன்.

முதல் ஆயத்தில் இருவரும் இரண்டு விரல் மடக்கினோம். குரல் நின்றது. அவள் மூச்சை இழுக்கும் சத்தம் திரையைத் தாண்டி வந்தது. இரண்டாவது ஆயத்தில் ஒரு விரல்தான். அவர் என்னைப் பார்க்கவில்லை. மடக்கிய விரலை நீட்டவும் இல்லை. மூன்றாவதற்கு அவள் மூச்சை இழுத்தபோது தரையைத் தட்டினார்.

"போதும் மக்கா. நிறுத்து."

"நான் ஓதிருவேன் அத்தா."

"ஓதாண்டாம்ட்டி. செருப்பப் போடு. திருநெல்வேலிக்குப் போறோம்."

நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருந்தது. இன்னும் சில நாள் விட்டிருந்தால் சிரமமாகியிருக்கும் என்று டாக்டர் சொன்னாராம். நீரை எடுத்தார்கள். மாதக்கணக்கில் மாத்திரை. விழாவில் வேறொரு பெண் ஓதினாள். மாப்பிள்ளை வீட்டார் வரவில்லை. அவள் அத்தா பயந்தபடியே பேச்சு பரவி அந்தச் சம்பந்தம் விட்டுப்போனது. அதில் என்மேல் அவருக்கு வருத்தம் உண்டா என்று எனக்குத் தெரியாது.

புதிதாக இந்த வேலைக்கு வரும் உஸ்தாதுகளுக்கு ஒன்று சொல்வேன். மாணவி தவறான இடத்தில் நின்றால் உடனே திருத்தாதீர்கள். ஏன் நின்றாள் என்று கவனியுங்கள். சந்தேகம் வந்தால் ஆலிமாவிடம் சொல்லுங்கள், வீட்டாரிடம் சொல்லுங்கள். அவர்கள் கோபப்படுவார்கள். பரவாயில்லை.

மருந்து முடிந்து ரஹீமா திரும்பி வந்தாள்.

"விட்ட எடத்துல இருந்து ஓதட்டுமா ஹஜ்ரத்?"

"ஓதும்மா. அவசரம் இல்ல."

ஓதினாள். பாதியில் நின்றாள். நான் திருத்தவில்லை. நிதானமாக மூச்செடுத்து, இரண்டு சொல் பின்னால் போய் மறுபடி தொடங்கினாள். தஜ்வீதில், பாதியில் நின்றவர்கள் அப்படித்தான் தொடங்க வேண்டும்.