நாலு மணிக்கும் பன்னிரண்டு மணிக்கும் நடுவே

புது வருசம் பிறந்தால் நர்சுகளுக்கு எட்டு மணி நேரந்தான் வேலையாம். ஆயா சாலம்மாள் கொண்டுவந்த சேதி. அவளுக்குச் சொன்னவர் பஸ் கண்டக்டர். அவருக்குச் சொன்னது ஈரோட்டு ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் கொழுந்தியாள்.

"கொழுந்தியா சொன்னா தப்புமுங்களா!" என்று சௌந்திரம் சிரித்தாள். சிரித்தாலும் நம்பினாள். டவுனில் ஃபேர்லேண்ட்ஸ் பக்கத்து நர்சிங் ஹோமில் ஆறு வருடமாகக் காலை எட்டிலிருந்து பகல் பன்னிரண்டு மணி நேரம் அவள், இரவு பன்னிரண்டு மணி நேரம் ராஜம்மாள். ஊசிமருந்து அலமாரிச் சாவி யார் இடுப்பில் இருக்கிறதோ அவளுக்குத்தான் டூட்டி. அடுத்தவள் வந்து வாங்கும்வரை படி இறங்கக் கூடாது.

1976, ஜனவரி ஒன்று. தன் ஊர் வெண்ணந்தூரில் மூன்று வயது மகளைப் பக்கத்து வீட்டுச் சின்னாயியிடம் விட்டபோது சௌந்திரத்தின் குரலில் புதுத் தெம்பு இருந்தது. புருசன் லாரியோடு பம்பாய் போயிருந்தான்.

"நாலு மணிக்கே விட்டுருவாங்கக்கா. ஆறுக்கு ஊட்டுல இருப்பேன். நீங்க அஞ்சரை பஸ்ஸுக்கு உங்க மகளைப் பாக்கப் போயிருங்க."

"பாப்பா?"

"வெளக்கேத்தி வெச்சு, வெளிய பூட்டிட்டுப் போங்க. அரை மணி நேரந்தானுங்களே."

நாலு மணி ஆயிற்று. சாவி வாங்க யாரும் வரவில்லை. ராஜம்மாளைத் தேடிப்போன சாலம்மாள் ஐந்தரைக்கு மூச்சு வாங்கத் திரும்பினாள்.

"ஊடு பூட்டிக் கெடக்குது அம்மிணி. எட்டு மணி நேரக் கணக்குல அவளுக்கு ராத்திரி பன்னெண்டுக்குத்தான் டூட்டியாமா. சினிமாவுக்குப் போயிட்டாளாம்."

சௌந்திரத்துக்கு அப்போதுதான் உறைத்தது. வதந்தியை அவளும் நம்பினாள், ராஜம்மாளும் நம்பினாள். நாலுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவே நிற்க ஆள் எங்கே?

மேனேஜர் மருதாசலத்திடம் ஓடினாள்.

"எட்டு மணி நேரமா? யாரு சொன்னது? இதென்ன மில்லா, சங்கு ஊதுனா எந்திரிச்சுப் போக? ஆபரேசன் ஆன மூணு பேரு உள்ள கெடக்கறாங்க."

"கொழந்தை உள்ள பூட்டிக் கெடக்குதுங்க சார். சிம்னி வெளக்கு எரியுது. எந்திரிச்சுப் போயித் தட்டி உட்டா..."

அவர் முகம் மாறியது. போனை அவள் பக்கம் நகர்த்தினார்.

அவள் வீட்டுக்கு எதிரே நூல்கடையில் போன் உண்டு. கடைக்காரர் செங்கோடன் பூட்டை உடைத்தாவது குழந்தையை எடுத்துவிடுவார். எக்ஸ்சேஞ்சில் பதிந்த டிரங்க்கால் கிடைக்க முக்கால் மணி நேரம் ஆனது. அதற்குள் நோயாளிகள் மணி அடிக்க, இரண்டு முறை வார்டுக்கு ஓடிப்போய் வந்தாள். ஜன்னலில் இருட்டு இறங்கிவிட்டது.

"வெண்ணந்தூர் மணி போகுதுங்க," என்றது எக்ஸ்சேஞ்ச் குரல்.

போகிறது. எடுக்கவில்லை. அவள் கண் சுவரிலிருந்த காலண்டருக்குப் போனது. தேதிக்கு மேலே கறுப்பு வட்டம்.

அமாவாசை. தறி ஓடாத நாள். நூல்கடை திறந்திருக்காது.

"எடுக்கலைங்களே. வெச்சுரட்டுமா?"

"வேண்டாமுங்க! அடிக்கட்டும். ரோட்டுல போற யாராச்சும்..."

இடுப்புச் சாவியை இறுக்கிப் பிடித்தபடி நின்றாள். பூட்டிய கடைக்குள் மணி அடித்துக்கொண்டே இருந்தது.