காகாவுக்குச் சொல்லாமல் விட்ட இரண்டு வார்த்தை

கிறிஸ்துவின் அன்பில் என்னைத் தாங்கிவரும் சபையார் எல்லாருக்கும் என் வணக்கம்.

மைக்கைக் கண்டால் எனக்குப் பயம். மராத்தி பேசும் ஊரான போசரியில் இயந்திர உதிரிபாகங்கள் செய்யும் தொழிற்சாலை நடத்துகிறேன். என்னிடம் அறுபது பேர் வேலை செய்கிறார்கள். ஆனால் நாலு பேருக்கு முன்னால் எழுந்து நின்றால் நடுக்கம் வந்துவிடும். அது எல்லார் கண்ணுக்கும் தெரிகிறது என்று கூசிப்போவேன். எந்தக் கூட்டமானாலும் மேனேஜர் குல்கர்னியை முன்னால் தள்ளிவிடுவேன். நம் சபையில் சாட்சி சொல்லும் நேரம் பார்த்துத் தண்ணீர் குடிக்கப் போகிறவனும் நான்தான். இத்தனை வருடமும் ஒரே ஜெபம்: ஆண்டவரே, இந்தப் பயத்தை எடுத்துப்போடும்.

பாண்டுரங்க காகா என் முதல் தொழிலாளி. என்னைவிட மூத்தவர், அதனால் மராத்தி வழக்கப்படி காகா, சித்தப்பா. இரண்டு லேத் மெஷினை வைத்து ஷெட்டைத் திறந்த நாளிலிருந்து கூடவே இருந்தார். எனக்கு மராத்தி வராத காலத்தில் சப்ளையர்களிடம் எனக்காகப் பேசியவரும் அவர்தான்.

போன மார்ச் கடைசியில் ஓய்வு பெற்றார். இங்கத்திய வழக்கப்படி சால்வையும் தேங்காயும் கொடுத்து மரியாதை செய்தோம். அவர் மனைவி சுமன் மாவ்ஷி, எங்களுக்குச் சித்தி மாதிரி, நல்ல புடவை கட்டி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். சால்வையைப் போர்த்தினேன். முதலாளி சாகேப் இரண்டு வார்த்தை பேசுவார் என்று சொல்லி மைக்கை நீட்டினார்கள். காகா என் முகத்தையே பார்த்தார். நான் அடிக்காத போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டேன். கூட்டம் கலையும்வரை காருக்குள்ளேயே இருந்தேன்.

வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்தேன். நாளைக்கு, அடுத்த வாரம் என்று தள்ளிப்போட்டேன். மழை தொடங்கிய வாரத்தில் மாரடைப்பு வந்து காகா போய்விட்டார்.

சாவு வீட்டில் ஒரு தொழிலாளி என்னிடம் சொன்னார்: 'நான் என்ன தப்பு செய்தேன், சாகேப் ஏன் வெளியே போனார்' என்று காகா கடைசிவரை கேட்டுக்கொண்டே இருந்தாராம். எனக்கு நெஞ்சே வெடித்துவிட்டது. சாப்பாடு இறங்கவில்லை. ஜெபிக்கவும் வாய் வரவில்லை.

பதிமூன்றாம் நாள் காரியம் முடிந்தபின் தொழிற்சாலையில் இரங்கல் கூட்டம் வைத்தார்கள். அன்று காலை முழங்காலில் நின்று, பயத்தை எடுத்துப்போடும் என்று பழையபடி கெஞ்சினேன். என் மனைவி ஸ்டெல்லா பக்கத்தில் வந்து முழங்கால் போட்டாள்.

"பயம் போகட்டும், போகாட்டா இருந்துட்டுப் போகட்டும். ஓடிராம நிக்கதுக்குப் பெலன் கேளுங்க," என்றாள்.

அதையே கேட்டேன்.

கூட்டத்தில் பேச எழுந்தபோதும் பயம் போகவில்லை. கையிலிருந்த தாள் ஆடிய ஆட்டத்தில் எழுத்தே தெரியவில்லை. அதை மடித்து வைத்துவிட்டு, என் ஓட்டை மராத்தியில் சொன்னேன்: "அன்றைக்கு எனக்கு எந்தப் போனும் வரவில்லை. பேசப் பயந்து ஓடினேன். காகா ஒரு தப்பும் செய்யவில்லை. அவர் இல்லாமல் இந்தக் கம்பெனி இல்லை." அதற்குமேல் அழத்தான் முடிந்தது. ஆனால் ஓடவில்லை. அங்கேயே நின்றேன். அந்தப் பெலன் என்னுடையது இல்லை என்று எனக்குத் தெரியும்.

பிறகு குல்கர்னி தயங்கித் தயங்கி ஒன்று சொன்னார். நான் பயப்படுகிறேன் என்று ஒருவருக்கும் தெரியாதாம். எங்களோடு பேசுவது சாகேபுக்குக் கௌரவக் குறைச்சல் என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தார்களாம். என் நடுக்கத்தை ஊரே பார்க்கிறது என்று ஒளிந்தேன். அவர்கள் பார்த்ததோ திமிரை.

சுமன் மாவ்ஷி வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"சாகேப், நீங்கள் சொன்னதை வீட்டுக்குப் போய் அவர் போட்டோவிடம் சொல்கிறேன்," என்றார்.

இப்போது திங்கள்கிழமைதோறும் ஷிப்ட் தொடங்குமுன் தொழிலாளிகள் முன்னால் நின்று பேசுகிறேன். கால் நடுங்குகிறது, நடுங்குகிறது என்று அவர்களிடமே சொல்லிவிடுகிறேன். என்னை நிற்க வைக்கிற தேவனுக்கு ஸ்தோத்திரம்.

உங்களில் தொழில் நடத்துகிறவர்கள் இருப்பீர்கள். பயத்தை வெளியே சொல்ல வெட்கப்பட்டு விறைப்பாக நிற்பீர்கள். அந்தப் பயத்தோடே அவரை நம்பி எழுந்து நில்லுங்கள். நல்ல வார்த்தையை, கேட்க வேண்டியவர் உயிரோடு இருக்கும்போதே சொல்லிவிடுங்கள். காகா என் முகத்தைப் பார்த்த அந்த நிமிடத்திலும் கர்த்தர் எனக்குப் பெலன் தர ஆயத்தமாகத்தான் இருந்தார். நான் கேட்கவில்லை.