கச்சான் காற்றும் கம்பைலரின் ஒற்றை வார்னிங்கும்

1. மனேஜரின் விரல்

மனேஜர் என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை. திரையில் ஒரு விரல் வந்து பட்ட பிறகுதான் தெரிந்தது.

"இது என்ன, வார்னிங்னு போட்டிருக்கு?"

"ஒண்ணுமில்ல சார். சும்மா வருது."

"சும்மா எப்படி வரும்?"

நியாயமான கேள்விதான். பதில் சொல்லத்தான் எனக்கு அன்றைக்குப் பொறுமை இல்லை.

எண்பதுகளின் கடைசி அது. இலங்கை மலைநாட்டில், பதுளையில் இருந்த எங்கள் தோட்ட அலுவலகத்தில் ஒரே ஒரு கம்பியூட்டர். அதற்கு புரோகிராம் எழுதும் வேலை எனக்கு. பஜாரில் துணிக்கடை வைத்திருந்த வாப்பா, கேட்பவர்களிடம் "மகள் டைப் அடிக்கிறா" என்றே சொல்லிவந்தார். நானும் திருத்தி அலுத்துவிட்டேன். எனக்குத் துணையாக இருந்தவர் சிவலிங்கம் என்ற சிவம் அண்ணன். மூத்தவர், தங்கமான மனுசன், ஆனால் எல்லாவற்றிலும் அவசரம்.

எங்கள் புரோகிராம் மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றுக்கானது. பறித்து வந்த கொழுந்தை அரைப்பதற்கு முன்னால் இரவு முழுக்கத் தொட்டிகளில் பரப்பிக் காற்றில் வாட்டுவார்கள். எந்தத் தொட்டிக்கு எத்தனை மணி நேரம் ஃபேன் ஓட வேண்டும் என்பதைக் கணக்கிட்டுச் சொல்வது எங்கள் வேலை. தொழிற்சாலைப் பொறுப்பாளரான டீமேக்கர் ஐயா மாலையில் போனில் எடையையும் ஈரத்தையும் சொல்வார். நாங்கள் திருப்பி மணிக்கணக்கைச் சொல்வோம். கச்சான் காற்று அடிக்கும் நாட்களில் ஃபேன் வேண்டாம், ஜன்னலைத் திறந்தால் போதும். எங்கள் ஊவாப் பகுதித் தேயிலைக்குப் பேர் வாங்கிக் கொடுப்பதே அந்தக் காய்ந்த காற்றுதான். அந்த சீசன் தொடங்க இருந்தது.

புரோகிராம் சரியான விடைதான் சொன்னது. ஆனால் ஆமை வேகம். "மிஸ், உங்க மெசின் வாயத் தொறக்குறதுக்குள்ள கொழுந்து தன்னால வாடிரும்போல" என்று டீமேக்கர் ஐயா போனிலேயே சிரித்தார். எனக்கு ரோசம் வந்து, நாங்கள் எழுதுவதை மெசினுக்கு மொழிபெயர்த்துக் கொடுக்கும் கம்பைலரை, வேகமாக ஓடும்படி ஆப்டிமைஸ் செய்யச் சொன்னேன். வேகம் பிய்த்துக்கொண்டு போனது. கூடவே அந்த வார்னிங்கும் வந்தது: மணிக்கணக்கைப் போட்டுவைக்கும் இடமான ஃபேன் மணி என்ற வேரியபிள், மதிப்புக் கொடுக்கப்படாமலே பயன்படக்கூடும்.

முந்தி வராதது இப்போது ஏன் வந்தது? ஆப்டிமைஸ் செய்யும்போது கம்பைலர் குறுக்கு வழி தேடுகிறது. அதற்காகப் புரோகிராமின் எல்லா வழியிலும் நடந்து பார்க்கிறது. சும்மா மொழிபெயர்க்கும்போது அது அவ்வளவு தூரம் நடப்பதில்லை, அதனால் குறை சொல்வதும் இல்லை. இப்போது நடந்து பார்த்ததில், மதிப்பே கொடுக்காத வழி ஒன்று அதன் கண்ணில் பட்டுவிட்டது. நான் மேலே ஒரு தடவை "இன்றைக்கு ஃபேன் நாளா?" என்று கேட்டு மணியைக் கணக்கிட்டிருந்தேன். கீழே அதே கேள்வியை மறுபடி கேட்டு மணியைப் பயன்படுத்தியிருந்தேன். இரண்டுக்கும் ஒரே பதில்தான் வரும் என்று எனக்குத் தெரியும். கம்பைலருக்குத் தெரியாது. மேலே இல்லை, கீழே ஆமாம் என்று வந்தால் என்ன ஆகும் என்பது அதன் கவலை. அப்படி ஒரு நாள் வரவே வராது. பொய் வார்னிங்.

ஒருவழியாக மனேஜரிடம் இதைச் சொன்னேன். கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார். "அந்த வரி போகணும். போகாட்டி இந்த சீசனுக்கு இந்த மெசின் வேணாம். பழையபடி டீமேக்கரே பாக்கட்டும்."

2. சைபர்

"இதுக்குப் போயா மூஞ்சத் தூக்கி வச்சிருக்கீங்க?" என்றார் சிவம் அண்ணன். "மேல மணிக்கு ஒரு சைபரைப் போட்டு விடுங்க தங்கச்சி. கங்காணி வாய மூடிக்குவாரு."

கம்பைலருக்குக் கங்காணி என்று பேர் வைத்தவரே அவர்தான். தோட்டத்தில் வேலை வாங்கும் கங்காணி மாதிரி எந்நேரமும் யாரையாவது சத்தம் போடுகிறதாம்.

"சைபர் போட்டா சைபர் மணி நேரம்னு அர்த்தம் அண்ணே. ஃபேனே போடாதேங்கிறதும் ஒரு பதில்தானே?"

"அந்த வழியாத்தான் யாரும் போறதில்லையே?"

"இண்டைக்குப் போறதில்ல."

பெரிய சண்டை. ஒரு மத்தியானம் முழுக்க நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. அவர் வீட்டிலிருந்து கொண்டுவந்த வடையைக்கூட என் மேசையில் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். நான் கோபமாகவே அதைத் தின்றேன்.

பிறகு உட்கார்ந்து அந்த இரண்டு கேள்விகளையும் ஒன்றாக்கினேன். ஒரே இடத்தில் கேட்டு, அங்கேயே கணக்கிட்டு, அங்கேயே பயன்படுத்தினேன். எனக்குத் தெரிந்தது இப்போது கம்பைலருக்கும் தெரிந்தது. வார்னிங் போனது. ஒரு கேள்வி குறைந்ததால் புரோகிராமும் கொஞ்சம் இளைத்தது. மனேஜர் வந்து வெறும் திரையைப் பார்த்து, "ஆ, இதுதான் வேணும்" என்றார். சைபர் போட்டிருந்தாலும் அவர் இதையேதான் சொல்லியிருப்பார்.

3. கச்சான் வந்த மாலை

சீசனின் முதல் கச்சான் வந்தது. நல்ல கொழுந்து தொட்டிகளில் கிடந்தது. டீமேக்கர் ஐயா போனில் இருந்தார்.

"மிஸ், இண்டைக்கு ஜன்னலும் உண்டு, ஃபேனும் உண்டு."

"ரெண்டுமா?"

"ஆரம்பத்துக் கச்சானுங்க. சாமத்துல நின்னுரும். அது வரைக்கும் ஜன்னல், அப்புறம் ஃபேன்."

"இத ஏன் ஐயா முன்னமே சொல்லல?"

"அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே மிஸ்" என்றார் அவர், உண்மையிலேயே ஆச்சரியப்பட்டு.

மடுல்சீமையில் எல்லோருக்கும் தெரியும். பதுளை பஜார்க்காரிக்கு எப்படித் தெரியும்? காற்று நின்ற பிறகு ஃபேனும் ஓடாவிட்டால் கொழுந்து புழுங்கிச் சிவந்துவிடும். சீசனின் முதல் கொழுந்து பாழாகும், கெட்ட பேர் டீமேக்கருக்கு.

நான் போனைப் பிடித்தபடி எடைகளை எழுதினேன். சிவம் அண்ணன் மளமளவென்று மூன்றாவது பிரிவைச் சேர்த்து கம்பைல் செய்தார். பிறகு திரைப்பக்கம் குனிந்தார்.

"என்ன அண்ணே?"

"கங்காணி கத்துறாரு. அதே வரி."

"சும்மா கத்துறாரோ?"

அவர் எழுதிய வரிகளின் மேல் விரலை ஓட்டிப் பார்த்தார். "இல்ல தங்கச்சி. ஜன்னலத் தொறக்கச் சொல்லிட்டு, மணிய நான் கணக்குப் போடவே இல்ல. மறந்துட்டேன்." பிறகு மெதுவாகச் சொன்னார்: "அண்டைக்கு நான் சொன்ன சைபரப் போட்டிருந்தா, இவரு வாயத் தொறந்திருக்க மாட்டாரு."

எனக்கு அவரைச் சீண்ட வாய் துடித்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் மனம் வரவில்லை. "போடுங்க அண்ணே, ஐயா லைன்ல இருக்காரு" என்றேன். அவர் மணியைச் சேர்த்தார். வார்னிங் போனது. நான் ஒவ்வொரு தொட்டிக்கும் விடையை வாசித்தேன். மறுநாள் காலை டீமேக்கர் ஐயாவே கூப்பிட்டு, "கொழுந்து வாசம் லயத்து வீடுகள் வரைக்கும் வருது மிஸ்" என்றார்.

இப்போது இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். பொய் வார்னிங் வரும், நிறையவே வரும். எரிச்சல்படுங்கள், திட்டுங்கள். ஆனால் அதன் வாயை அடைக்காதீர்கள். உங்களுக்குத் தெரிந்ததை அதற்கும் தெரிகிற மாதிரி எழுதுங்கள். நாளைக்கு அது உண்மையைச் சொல்லவேண்டி வரும்போது அதற்கு வாய் இருக்க வேண்டும்.

அந்தக் கொழுந்தில் செய்த தேயிலையில் ஒரு பொட்டலம் எங்களுக்கு வந்தது. சிவம் அண்ணன் பால் விடாத சாயத் தேநீர் ஊற்றி, எனக்கு ஒன்று, தனக்கு ஒன்று, கம்பியூட்டர் பக்கத்தில் ஒன்று என்று வைத்தார். உள்ளே வந்த மனேஜர் மூன்றாவது கோப்பையைப் பார்த்தார்.

"இது யாருக்கு?"

"அண்டைக்கு நீங்க போகச் சொன்னீங்களே சார்," என்றார் சிவம் அண்ணன், "நம்ம கங்காணிக்கு."